தண்ணீரில் கலந்த ஈயம், பாதரசத்தைப் பிடிக்கும் 'ஹோஸ்ட்' மூலக்கூறுகள்: பிடித்த நஞ்சு கடைசியில் எங்கே போகிறது?

2025-ம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு, உள்ளே பெரும்பாலும் வெற்றிடமாக இருக்கும் ஒரு பொருளுக்குக் கிடைத்தது. ஜப்பானின் சுசுமு கிடகாவா, ஆஸ்திரேலியாவின் ரிச்சர்ட் ராப்சன், அமெரிக்காவின் ஓமர் யாகி ஆகிய மூவரும் உருவாக்கிய 'மெட்டல் ஆர்கானிக் ஃப்ரேம்வொர்க்' எனப்படும் அந்தப் பொருளில், கண்ணுக்குத் தெரியாத அறைகள் அடுக்கடுக்காக இருக்கும். இரண்டு கிராம் தூளை எடுத்து உள்பரப்பு முழுவதையும் விரித்தால் ஒரு கால்பந்து மைதானம் அளவுக்கு வரும்.

காற்றில் இருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கலாம், பாலைவனக் காற்றில் இருந்து தண்ணீர் எடுக்கலாம், தண்ணீரில் கலந்த ரசாயனங்களைப் பிரிக்கலாம் என்று இதன் பயன்களைப் பட்டியல் போட்டார்கள். உடனே எழும் கேள்வி ஒன்று உண்டு. தொழிற்சாலைக் கழிவு கலந்த தண்ணீரில் இருக்கும் ஈயம், பாதரசம், காட்மியம் போன்ற கன உலோகங்களையும் இப்படி அறை போட்டுப் பிடித்துவிட முடியுமா?

முடியும். சொல்லப்போனால், ஆய்வகத்தில் இது 50 வருடங்களுக்கும் மேலாக நடந்துகொண்டுதான் இருக்கிறது. அப்படியென்றால் நம் ஆறுகளில் ஏன் நடக்கவில்லை? தண்ணீரில் இருக்கும் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்த ஒன்றை மட்டும் பிடிக்க வேண்டும் என்பது முதல் சிக்கல். பிடித்ததை எங்கே இறக்கி வைப்பது என்பது அதைவிடப் பெரிய சிக்கல்.

ஏன் இவ்வளவு கவலை?

ஈயத்துக்கு 'இந்த அளவு வரை பரவாயில்லை' என்ற எல்லையே கிடையாது என்கிறது உலக சுகாதார அமைப்பு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் தாக்கும். உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் ரத்தத்தில், டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் ஈயம் இருப்பதாக 2020-ல் யுனிசெஃபும் 'ப்யூர் எர்த்' அமைப்பும் வெளியிட்ட அறிக்கை சொன்னது. கிட்டத்தட்ட 80 கோடி குழந்தைகள். இது முழுக்கத் தண்ணீர் வழியாக வந்தது என்று நினைத்துவிடக் கூடாது. பழைய பேட்டரிகளை உடைத்து உருக்கும் இடங்கள், பெயின்ட், கலப்படம் செய்த மஞ்சள் தூள் என்று வழிகள் நிறைய. ஆனாலும் மண்ணில் விழும் ஈயத்தில் ஒரு பங்கு கடைசியில் தண்ணீருக்குத்தான் போகிறது.

அங்கே போன பிறகு அது அழிவதில்லை. சாக்கடைக் கழிவை நுண்ணுயிரிகள் தின்றுவிடும். பூச்சிமருந்துகூடக் காலப்போக்கில் சிதையும். ஈயம் என்பது ஒரு தனிமம். கொதிக்க வைத்தாலும் குளோரின் போட்டாலும் அது ஈயமாகவேதான் இருக்கும். ஆகவே அதை 'ஒழிக்க' முடியாது. ஓரிடத்தில் இருந்து எடுத்து இன்னோர் இடத்தில் வைக்கலாம், அவ்வளவுதான். இந்தக் கட்டுரை முழுக்க இந்த ஒரு விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அது என்ன 'ஹோஸ்ட்' மூலக்கூறு?

விருந்தாளி வந்து உட்காருவதற்கு ஏற்ற மாதிரி நடுவில் ஓர் இடம் வைத்திருக்கும் மூலக்கூறுதான் ஹோஸ்ட். வீட்டுக்காரர் என்று வைத்துக்கொள்ளலாம். வந்து உட்காரும் உலோக அயனி விருந்தாளி. வேதியியலில் இதற்குப் பெயரே 'ஹோஸ்ட்-கெஸ்ட்' வேதியியல்.

இதைக் கண்டுபிடித்த கதை சுவாரசியமானது. சார்லஸ் பெடர்சன், கொரியாவின் பூசானில் பிறந்தவர். அப்பா நார்வேக்காரர், அம்மா ஜப்பானியர். அமெரிக்காவின் டுபான்ட் நிறுவனத்தில் வேலை பார்த்த இவர் கடைசி வரை பிஎச்.டி வாங்கவே இல்லை. 1960-களின் தொடக்கத்தில், கிட்டத்தட்ட ஓய்வு பெறும் வயதில், வேறு ஒரு பொருளைத் தயாரிக்க முயன்றபோது, வெறும் 0.4 சதவீதம் அளவுக்கு பட்டு நூல் மாதிரி வெள்ளைப் படிகம் ஒன்று மிச்சமாகக் கிடைத்தது. பெரும்பாலானவர்கள் கழுவி ஊற்றிவிடுகிற மிச்சம் அது. பெடர்சன் சோதித்துப் பார்த்தார். மெத்தனாலில் சரியாகக் கரையாத அந்தப் பொருள், சோடியம் உப்பைச் சேர்த்ததும் கரைந்தது.

அந்த மூலக்கூறு வளையம் மாதிரி இருந்தது. உலோக அயனி அந்த வளையத்தின் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. பார்க்க, அயனியின் தலையில் கிரீடம் வைத்த மாதிரி தெரிந்ததால் 'கிரவுன் ஈதர்' என்று பெயர் வைத்தார். 1967-ல் ஆய்வுக் கட்டுரை வெளியானது. பிறகு பிரான்சின் ஜான்-மரி லென் வளையத்தைக் கூண்டாக்கினார். அமெரிக்காவின் டொனால்ட் கிராம், விருந்தாளி வருவதற்கு முன்பே வடிவம் மாறாமல் தயாராக நிற்கும் கிண்ணங்களைச் செய்தார். 1987-ல் மூவருக்கும் சேர்த்து நோபல் கிடைத்தது. அப்போது பெடர்சனுக்கு 83 வயது.

அளவு சரியாக இருந்தால் போதாதா?

முதலில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். வளையத்தின் ஓட்டை எவ்வளவு பெரிதோ, அதற்குப் பொருந்துகிற அயனி வந்து உட்காரும். 18 அணுக்கள் கொண்ட வளையத்தில் பொட்டாசியம் கச்சிதமாகப் பொருந்துகிறது. சரி, அப்படியானால் காட்மியத்துக்கும் ஒரு வளையம் செய்துவிடலாமே?

அங்கேதான் இடிக்கிறது. காட்மியம் அயனியும் கால்சியம் அயனியும் கிட்டத்தட்ட ஒரே அளவு. இரண்டுக்கும் ஒரே மின்னூட்டம் வேறு. நம் உடம்பே அதில்தான் ஏமாறுகிறது. ஈயமும் கால்சியம் வேடத்தில்தான் எலும்புக்குள் போய் வருடக்கணக்கில் தங்குகிறது. உடம்பு ஏமாறும் இடத்தில் ஒரு ஓட்டை மட்டும் எப்படி ஏமாறாமல் இருக்கும்?

வேதியியலாளர்கள் கண்டுபிடித்த வழி, கந்தகம். கால்சியத்துக்கு ஆக்சிஜன் மேல்தான் பிரியம். பாதரசம், காட்மியம், ஈயம் மூன்றும் கந்தகத்தைப் பார்த்தால் ஒட்டிக்கொள்ளும். இது புதுத் தகவலும் இல்லை. கந்தகம் உள்ள ஒரு வகை ரசாயனங்களுக்கு 19-ம் நூற்றாண்டிலேயே 'மெர்காப்டன்' என்று பெயர் வைத்தார்கள். லத்தீன் மொழியில் 'பாதரசத்தைப் பிடிப்பது' என்று அர்த்தம். ஆகவே, இன்று பாதரசத்துக்காகச் செய்யப்படும் கூண்டுகள் பலவற்றின் உள்சுவரில் கந்தகம் இருக்கும். நோபல் வாங்கிய அந்த ஃப்ரேம்வொர்க்குகளிலும் இதே உத்திதான்.

39 ஆயிரத்தில் ஒன்று

இப்போது ஒரு சின்னக் கணக்கு. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர் விதிப்படி ஒரு லிட்டரில் ஈயம் 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அதே லிட்டரில் கால்சியம் 75 மில்லிகிராம் வரை இருந்தால் நல்ல தண்ணீர்தான். ஈய அணு கால்சியத்தைவிட ஐந்து மடங்கு கனம் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஒரு ஈய அயனிக்குச் சுமார் 39 ஆயிரம் கால்சியம் அயனிகள் வரிசையில் நிற்கின்றன.

கால்சியத்தைவிட ஈயத்தை 1,000 மடங்கு அதிகமாக விரும்பும் ஒரு ஹோஸ்ட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்க அசத்தலாக இருக்கும். அதை இந்தத் தண்ணீரில் போட்டால், நிரம்பும் 40 இடங்களில் 39-ல் கால்சியம்தான் உட்கார்ந்திருக்கும். ஈயத்துக்குக் கிடைப்பது ஒரே ஓர் இடம். ஆய்வகத்தில் சுத்தமான தண்ணீரில் ஈயத்தை மட்டும் கரைத்து '99 சதவீதம் பிடித்தோம்' என்று வரும் செய்திகளைப் படிக்கும்போது, கூடவே கால்சியம், சோடியம் எவ்வளவு இருந்தது என்று ஒரு தடவை தேடிப் பாருங்கள். பல செய்திகளில் அந்த வரியே இருக்காது.

ஆளை மாற்றிப் பிடித்தால் எவ்வளவு ஆபத்து என்பதற்கு மருத்துவத்தில் ஒரு உதாரணம் உண்டு. உடம்பில் சேர்ந்த ஈயத்தை வெளியேற்ற மருத்துவர்கள் 'இடிடிஏ' என்ற மருந்தைப் பயன்படுத்துவார்கள். இது ஹோஸ்ட் மூலக்கூறுகளுக்கு ஒன்றுவிட்ட சொந்தக்காரர் மாதிரி. உலோகத்தை ஆறு கைகளால் வளைத்துப் பிடிக்கும். மருந்தாகக் கொடுக்கும்போது முன்கூட்டியே கையில் கால்சியத்தைக் கொடுத்து அனுப்புவார்கள். ஈயத்தைப் பார்த்ததும் கால்சியத்தைக் கீழே போட்டுவிட்டு ஈயத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடும்.

இதே மருந்தின் இன்னொரு வகையில், கால்சியத்துக்குப் பதிலாக சோடியம் இருக்கும். பெயரும் ஏறக்குறைய ஒன்றுதான். 2003 முதல் 2005 வரை அமெரிக்காவில், இப்படிப்பட்ட சிகிச்சையின்போது ரத்தத்தில் கால்சியம் திடீரெனக் குறைந்து மூன்று பேர் உயிரிழந்ததாக அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் பதிவு செய்திருக்கிறது. அவர்களில் இரண்டு பேர் குழந்தைகள். இடிடிஏ-வுக்குக் கால்சியத்தைவிட ஈயம்தான் அதிகம் பிடிக்கும். ஆனால் ஈயம் கொஞ்சமாக இருந்து கைகள் நிறைய காலியாக இருந்தால், பக்கத்தில் ஓடும் கால்சியத்தைத்தானே பிடிக்கும்? கால்சியம் இல்லாமல் இதயம் துடிக்காது.

நிஜமாகவே வேலை செய்யும் இடம்

அப்படியானால் இது ஆய்வக விளையாட்டு மட்டும்தானா என்றால், கிடையாது. அமெரிக்காவின் தெற்கு கரோலினா மாநிலத்தில் சவானா ரிவர் என்ற இடத்தில், பனிப்போர் காலத்தில் அணுகுண்டுக்கான புளூட்டோனியம் தயாரித்தார்கள். அந்தக் கழிவு, நிலத்தடித் தொட்டிகளில் கோடிக்கணக்கான லிட்டர் உப்புக் கரைசலாக நின்றது. அதில் முக்கியமான ஆபத்து கதிரியக்க சீசியம். ஆனால் சீசியத்தோடு ஒப்பிட்டால் பல ஆயிரம் மடங்கு சோடியம் அதே தொட்டியில் இருந்தது. மேலே போட்ட கணக்கு மாதிரியே.

அங்கே கைகொடுத்தது 'காலிக்ஸரீன்' என்ற கிண்ண வடிவ மூலக்கூறு. அதன் மேல் ஒரு கிரவுன் ஈதரை வளைவாகப் பொருத்தினார்கள். சீசியம் பருமனான அயனி, உள்ளே போனதும் சுவர்களில் நன்றாக ஒட்டி உட்காரும். சோடியம் சின்னது, அந்தப் பெரிய இடத்தில் அதற்குப் பிடிமானம் கிடைக்காது. இந்த மூலக்கூறைத் தண்ணீரில் கலப்பதில்லை. எண்ணெய் மாதிரியான ஒரு கரைப்பானில் வைத்து, கழிவுக் கரைசலோடு வேகமாகச் சுழற்றிப் பிறகு இரண்டையும் பிரிக்கிறார்கள். சீசியம் எண்ணெய்ப் பக்கம் வந்துவிடும். 2008-ல் சின்ன அளவில் தொடங்கி, 2020 அக்டோபரில் பெரிய ஆலையாகவே இது இயங்க ஆரம்பித்தது.

இதில் கவனிக்க வேண்டியது அடுத்த கட்டம். எண்ணெய்க்கு வந்த சீசியத்தை நீர்த்த அமிலக் கரைசலால் கழுவி வெளியே எடுக்கிறார்கள். மூலக்கூறு மறுபடியும் காலியாகி அடுத்த சுற்றுக்குத் தயாராகிவிடும். வெளியே வந்த சீசியத்தைக் கண்ணாடியோடு சேர்த்து உருக்கி, எஃகு உருளைகளில் ஊற்றி இறுக வைக்கிறார்கள்.

இந்தியாவிலும் இது நடக்கிறது. மும்பை டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையம், இதே காலிக்ஸரீன்-கிரவுன் குடும்பத்து மூலக்கூறால் அணுக் கழிவில் இருந்து சீசியத்தைப் பிரித்து, கண்ணாடிப் பென்சில்களாக மாற்றுகிறது. ரத்த வங்கிகளில் நோயாளிகளுக்கு ஏற்றும் ரத்தத்தைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தும் கருவிகளில் அந்தப் பென்சில்கள் பயன்படுகின்றன. ரத்தம் கொடுத்தவரின் வெள்ளை அணுக்கள், ஏற்றிக்கொள்பவரின் உடம்பைத் தாக்காமல் தடுப்பதற்காகச் செய்யப்படும் வேலை இது.

அணுசக்தித் துறை செய்ததை மற்ற தொழிற்சாலைகள் ஏன் செய்யவில்லை? காசுதான் முதல் காரணம். அணுக் கழிவைச் சும்மா விட எந்த அரசும் துணியாது, ஆகவே மூலக்கூறு என்ன விலை விற்றாலும் வாங்குவார்கள். கிரவுன், காலிக்ஸரீன் எல்லாம் பல படிகளில் செய்து எடுக்க வேண்டிய விலை உயர்ந்த ரசாயனங்கள். முலாம் பூசும் ஒரு சின்னப் பட்டறையிடம் இதை வாங்கச் சொன்னால் நடக்குமா? அங்கெல்லாம் சுண்ணாம்பைப் போட்டு உலோகத்தைக் கசடாகப் படிய வைப்பதுதான் வழக்கம்.

ராணிப்பேட்டையில் ஏன் உதவாது?

தமிழ்நாட்டில் கன உலோகம் என்றாலே ஞாபகம் வரும் ஊர் ராணிப்பேட்டை. தோல் பதனிடத் தேவையான குரோமிய ரசாயனங்களைத் தயாரித்த ஒரு ஆலை 1995-ல் மூடப்பட்டபோது, ஒரு லட்சம் டன்னுக்கும் மேல் கழிவை அப்படியே விட்டுவிட்டுப் போனது. மழை பெய்தால் அந்த மேட்டில் இருந்து மஞ்சள் தண்ணீர் கசியும். அந்த மஞ்சள் நிறம்தான் ஆறு இணைதிறன் குரோமியம், புற்றுநோய் உண்டாக்கக்கூடியது.

இங்கே கிரீடம் செல்லாது. ஏனென்றால் இந்தக் குரோமியம் தண்ணீரில் தனி உலோக அயனியாக இருப்பதில்லை. நான்கு ஆக்சிஜன்களைச் சேர்த்துக்கொண்டு, எதிர் மின்னூட்டத்தோடு குரோமேட்டாகச் சுற்றுகிறது. நிலத்தடி நீரில் சாதாரணமாகவே இருக்கும் சல்பேட்டும் அதே வடிவம், அதே மின்னூட்டம். எதிர் மின்னூட்டம் கொண்டவற்றைப் பிடிக்கும் கூண்டுகளும் 1960-களில் இருந்தே உண்டு என்றாலும், இந்த இரட்டையரைப் பிரித்தறிவது இன்னும் பெரும்பாலும் ஆய்வக வேலைதான். களத்தில் நடைமுறையில் இருப்பது வேறு வழி. இரும்பு உப்பைப் போட்டு, ஆறு இணைதிறன் குரோமியத்தை அவ்வளவாகக் கரையாத மூன்று இணைதிறன் குரோமியமாக மாற்றிப் படிய வைப்பார்கள்.

மேற்கு வங்கம், பிகாரில் நிலத்தடி நீரில் கலந்த ஆர்சனிக்கும் இப்படித்தான் முரண்டு பிடிக்கிறது. அதன் ஒரு வடிவத்துக்கு மின்னூட்டமே கிடையாது. சென்னை ஐஐடி பேராசிரியர் டி.பிரதீப்பின் குழு அதற்காக உருவாக்கிய 'அம்ரித்' வடிகட்டியில் இருப்பது இரும்பு சார்ந்த நானோ பொருள். கூண்டு, கிரீடம் எதுவும் இல்லை. விலை குறைவு. ஊருக்கு ஊர் வைக்க முடிகிறது.

பிடித்த நஞ்சு எங்கே போகும்?

ஹோஸ்ட் மூலக்கூறுகளைப் பிளாஸ்டிக் மணிகளில் ஒட்டி, குழாயில் அடைத்து, கழிவுநீரை அதன் வழியாக விடலாம். மணிகள் நிரம்பியதும் அமிலத்தால் கழுவ வேண்டும். கழுவியதும் கையில் கிடைப்பது, பல ஆயிரம் லிட்டரில் இருந்த நஞ்சு மொத்தமும் சேர்ந்த சில லிட்டர் அமிலம். அதை என்ன செய்வது?

பாதரசமாக இருந்தால் மீட்டு எடுக்கலாம். காட்மியத்துக்கும் சந்தை உண்டு. ஆனால் கழுவிய அமிலத்தில் நான்கைந்து உலோகம் கலந்து கிடந்தால், வாங்க ஆள் இருக்காது. அபாயக் கழிவு என்று முத்திரை குத்தி, கும்மிடிப்பூண்டியில் இருப்பது மாதிரியான பாதுகாப்பான நிலக்குழிக்கு அனுப்ப வேண்டும். அனுப்புவதற்கும் புதைப்பதற்கும் ஆலைதான் பணம் கட்ட வேண்டும். ராத்திரியில் டேங்கர் லாரியை ஏரிக்கரையில் திறந்துவிட்டால் அந்தச் செலவு மிச்சம். எந்த மூலக்கூறாலும் இதைத் தடுக்க முடியாது. இது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் செய்ய வேண்டிய வேலை.

ஆற்றில் கலந்த பிறகு பிடித்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையும் சரியாக வராது. ஜப்பானின் மினமாட்டாவில் 1956-ல் பாதரச நோய் வெளிச்சத்துக்கு வந்தது. விரிகுடாவின் அடியில் படிந்த பாதரசச் சேற்றை உறிஞ்சி எடுத்து, ஒரு பகுதியைத் தடுப்புச் சுவர் கட்டி மூடி, 58 ஹெக்டேர் நிலமாக மேடாக்கி முடித்தபோது ஆண்டு 1990. ஆலையின் குழாய் வாயில் வைத்தே பிடித்திருந்தால், அந்தப் பாதரசம் சில தொட்டிகளுக்குள் அடங்கியிருக்கும். ஹோஸ்ட் மூலக்கூறுகளுக்கும் ஏற்ற இடம் அந்தக் குழாய் வாய்தான். உலோகம் அடர்த்தியாக இருக்கும், என்ன உலோகம் என்று முன்கூட்டியே தெரிந்திருக்கும், பிடித்ததற்கு யார் பொறுப்பு என்பதும் தெரியும்.

வீட்டு ஃபில்டரில் வருமா?

இப்போதைக்குத் தேவையும் இல்லை. வீட்டில் இருக்கும் ஆர்.ஓ. இயந்திரமே ஈயம், காட்மியம் போன்றவற்றில் பெரும்பகுதியை நிறுத்திவிடும். கால்சியத்தையும் சேர்த்தே நிறுத்தும் என்பது வேறு விஷயம். ஆனால் நிறுத்திய உலோகம், ஒவ்வொரு லிட்டருக்கும் வெளியேறும் இரண்டு மூன்று லிட்டர் கழிவுத் தண்ணீரோடு சாக்கடைக்குப் போகிறது. அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுபவர்கள், தங்கள் பகுதித் தண்ணீரில் கன உலோகம் இருக்கிறதா என்று ஒருமுறை தெரிந்துகொள்வது நல்லது.

தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஈயம் போகாது. தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய, மிச்சத்தில் ஈயத்தின் அடர்த்தி கூடத்தான் செய்யும். நிறம், மணம், ருசி எதை வைத்தும் ஈயத்தைக் கண்டுபிடிக்க முடியாது. கடைகளில் கிடைக்கும் டிடிஎஸ் மீட்டரும் மொத்த உப்பைத்தான் காட்டும், உள்ளே இருப்பது ஈயமா கால்சியமா என்று சொல்லாது. பழைய பித்தளைக் குழாய், பழைய பிவிசி பைப் உள்ள வீடுகளில், ராத்திரி முழுக்கக் குழாயில் தேங்கி நின்ற தண்ணீரைக் காலையில் குடிக்கவோ சமைக்கவோ பிடிக்காமல், கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிடிக்கலாம். பிவிசி பைப்புகளில் ஈயம் சேர்ப்பதைப் படிப்படியாக நிறுத்த மத்திய அரசு 2021-ல்தான் விதி கொண்டுவந்தது. அதற்கு முன்பு சுவருக்குள் பதித்த பைப்புகள் இன்னும் சுவருக்குள்தான் இருக்கின்றன.